இரு மாநிலக் கணக்கையும் கேட்டு எழுதும் ஊர்ச் செய்தி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி ஊராட்சிகளில் வீட்டிலும் கடைவீதியிலும் பெரும்பாலும் தமிழ்தான் பேச்சு. ஊராட்சி அலுவலகத்தின் கோப்புகளோ மலையாளத்தில் இருக்கின்றன. கோவையில் அச்சாகும் தமிழ் நாளிதழ்களுக்கு எங்கள் ஊர்கள் பக்கத்து மாநிலம். பாலக்காட்டில் அச்சாகும் மலையாள நாளிதழ்கள் எங்களைப் பற்றி எழுதுகின்றன என்றாலும், அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இங்கே ஏராளம். வாய்க்காலில் தண்ணீர் எந்தத் தேதியில் திறப்பார்கள், வார்டுக்கு ஒதுக்கிய சாலை ஏன் பாதியில் நிற்கிறது, பள்ளியில் தமிழ் ஆசிரியர் இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சாகவும் வாட்ஸ்அப் குரல் பதிவாகவும்தான் எங்களை வந்தடைகின்றன. எந்த நிறுவனத்திலும் சேராமல், தமிழில், எங்கள் நான்கைந்து ஊராட்சிகளுக்கு மட்டும் செய்தி எழுதுவது என்று நான் முடிவு செய்ததற்கு இதுவே காரணம். அதே வேலையைத் தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்கள் சில காலமாக என்னிடம் விவரம் கேட்டு வருவதால், நான் கற்றுக்கொண்டதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேட்பவர்களில் பலர் கேமராவிலிருந்து தொடங்குகிறார்கள். எந்த மைக் வாங்குவது, மைக்கில் மாட்டும் லோகோவை எங்கே செய்வது, வண்டியில் ‘பிரஸ்’ என்று ஒட்டலாமா என்பவையே முதல் கேள்விகள். கையிலிருக்கும் கைபேசியும், சட்டைக் காலரில் மாட்டும் ஒரு சிறு மைக்கும் போதும். வண்டியில் எதையும் ஒட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒட்டுத்தாள் காவலரிடம் சலுகை கேட்பதற்கு உதவுமே தவிர, செய்தி சேகரிக்க உதவாது. மாறாக, எந்த விவரம் எந்த அலுவலகத்தில், எந்த மாநிலத்தில், எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு மாதக்கணக்கில் நேரம் கொடுத்தே ஆக வேண்டும். எல்லையோரத்தில் இந்த வேலை இரட்டிப்பு, ஏனெனில் இங்கே பெரும்பாலான செய்திகளுக்கு ஒரு கால் கேரளத்திலும் மற்றொரு கால் தமிழ்நாட்டிலும் இருக்கிறது.

தண்ணீர்ச் செய்தியை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். இரு மாநிலமும் ஆற்றுநீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கான ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியாகும் என்று முன்தேதியிடப்பட்டது. அதன்படி ஆழியாற்றின் வழியே ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். மணக்கடவு தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கே அளக்கப்படும் தண்ணீர் எல்லையைக் கடந்து, சித்தூர் புழையாகி, மூலத்தரை ரெகுலேட்டருக்கு வந்து, அங்கிருந்து கால்வாய்களில் பிரிகிறது. ஒவ்வொரு சாகுபடிப் பருவத்திலும் எங்கள் பக்கத்து விவசாயிகள் தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்வார்கள். அந்தப் பக்கத்து அதிகாரிகள் ஒப்பந்தப்படி கொடுத்துவிட்டோம் என்பார்கள். வழக்கமாகச் செய்தி இத்துடன் முடிந்துவிடும். எங்கள் பக்கத்துச் செய்தியில் தமிழ்நாடு ஏமாற்றுவதாகவும், அந்தப் பக்கத்துச் செய்தியில் கேரளம் அடம்பிடிப்பதாகவும் படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இந்த இடத்தில் நிருபர் செய்ய வேண்டியது ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86,400 கன அடி சேரும். 7.25 டி.எம்.சி.யை 365 நாளுக்கும் சமமாகப் பங்கிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 230 கன அடி வருகிறது. மேடையில் ஒருவர் ‘வெறும் 200 கன அடிதான் விடுகிறார்கள்’ என்று முழங்கும்போது, அது ஆண்டுச் சராசரியைவிடச் சற்றே குறைவு என்று நமக்கு உடனே தெரிய வேண்டும். அதே சமயம், நடவு நடக்கும் வாரங்களில் சராசரியைப்போல இரண்டு மடங்கு தேவைப்படலாம் என்பதும் தெரிய வேண்டும். ஆண்டுக் கூட்டுத்தொகை சரியாக இருந்தும், தேவையான பதினைந்து நாளில் தண்ணீர் வராததால் பயிர் கருகலாம். அப்படியானால் கொடுத்துவிட்டோம் என்று சொன்ன அதிகாரியும் உண்மை சொன்னவர். வரவில்லை என்று சாலையில் உட்கார்ந்த விவசாயியும் உண்மை சொன்னவர். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்ற பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால்தான் இது வாசகருக்கு விளங்கும். அந்தப் பட்டியலும் ஒன்று போதாது. மணக்கடவில் அளந்த எண்ணையும், மூலத்தரையில் அளந்த எண்ணையும், கடைமடையில் உள்ள விவசாயி தன் மதகில் கண்ட நாட்களையும் அருகருகே வைக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் இடையே குறைவது ஒரு செய்தி. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே, எங்கள் மாநிலத்துக் கால்வாயிலேயே குறைவது மற்றொரு செய்தி. இரண்டாவது செய்தியை எழுதும்போது உள்ளூரில் சிலருக்குக் கோபம் வரும். பழியைப் பக்கத்து மாநிலத்தின் மேல் போடும்போது யாருக்கும் நோவதில்லை. நம் கால்வாய்க் கரையை உடைத்துக் குழாய் போட்டவரைச் சொல்லும்போதுதான் நோகிறது.

அடுத்ததாக, கிராம சபை. கேரளத்தில் கிராம சபை வார்டு அளவில் கூடுகிறது. 1994-ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அதைக் கூட்ட வேண்டும். வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுவதற்கான குறைந்தபட்ச வருகை. வீடு, தொழுவம், கிணறு, ஓய்வூதியம் என்று நலத்திட்டப் பயனாளிகள் பட்டியல் இங்கேதான் ஒப்புதல் பெறுகிறது. எல்லையைத் தாண்டி ஆனைமலைப் பக்கம் போனால் நடைமுறை வேறு. அங்கே கிராம சபை ஊராட்சி முழுவதற்கும் ஒன்றாக, குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றுடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. கோவை உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதால், புதிய தேர்தல் நடக்கும் வரை அங்கே கேள்வி கேட்க வேண்டிய ஆள் அரசு ஊழியர். இங்கே நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர். இந்த வேறுபாடு தெரியாமல் இரு பக்கமும் ஒரே மாதிரிச் செய்தி எழுதினால், பொறுப்பில்லாதவர் தலையில் பழி விழும்.

கிராம சபையில் நிருபர் உட்கார வேண்டிய இடம் பின்வரிசை. முன்வரிசையில் உட்கார்ந்தால் மேடைப்பேச்சு நன்றாகக் கேட்கும். பின்வரிசையில்தான் வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்பது கேட்கும். ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நடந்த கூட்டத்தில், மஞ்சள் நிற ரேஷன் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த ஓர் அம்மா எழுந்து, தன் தெருக் குழாயில் பன்னிரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை என்றும், கேட்டால் மோட்டார் பழுது என்கிறார்கள் என்றும், அதே மோட்டாரிலிருந்து மேட்டுத்தெருவுக்கு மட்டும் எப்படி வருகிறது என்றும் தமிழில் கேட்டார். மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி, “ஏனுங் தம்பி, நாஞ் சொன்னத எழுதிக்கிட்டாங்களா?” என்றார். கூட்டம் முடிந்து மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது நான் அதை வாசித்துப் பார்த்தேன். குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது என்று மலையாளத்தில் ஒரு வரி இருந்தது. தெருவின் பெயரும் இல்லை, நாள் கணக்கும் இல்லை. கூட்டத்தின் ஒருங்கிணைப்பாளராக வந்திருந்த அலுவலரிடம் அதைச் சுட்டிக்காட்டினேன். அவர் மறுப்புச் சொல்லாமல் இரண்டு வரி சேர்த்து எழுதினார். அந்த இரண்டு வரிதான் பிறகு ஊராட்சிக் குழுக் கூட்டத்துக்குப் போயிற்று. பம்ப் ஆபரேட்டரின் பதிவேட்டைக் கேட்பதற்கு எனக்கு ஆதாரமும் ஆயிற்று. கேள்வி கேட்ட அம்மாவின் முகத்தைப் படமெடுத்து ‘பொங்கி எழுந்த மூதாட்டி’ என்று போட்டிருந்தால் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருப்பார்கள். தெருவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறியிருக்காது.

இதனால்தான் இந்தப் பகுதியில் நிருபராக விரும்பும் தமிழர், மலையாளம் பேசத் தெரிந்தால் போதும் என்று நிற்காமல், கையெழுத்து மலையாளத்தைத் தடையின்றிப் படிக்கும் அளவுக்குப் பழக வேண்டும் என்கிறேன். நமக்கு ஓர் உரிமையும் இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதலாம் என்றும், பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும் என்றும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே சொல்லிவிட்டது. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. உரிமையைப் பயன்படுத்தித் தமிழில் மனுக் கொடுங்கள். ஆனால் மலையாளத்தில் கிடைக்கும் ஆவணத்தைப் படிக்க இன்னொருவரை நம்பி இருக்காதீர்கள். படித்துச் சொல்பவர் தனக்கு வேண்டியதை மட்டும் சொல்லக்கூடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் எல்லைக்காரருக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். மனுக் கட்டணம் இரு மாநிலத்திலும் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம், ஆனால் கேரள அலுவலகத்துக்குக் கேரள வில்லையும் தமிழ்நாட்டு அலுவலகத்துக்குத் தமிழ்நாட்டு வில்லையும் வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ஏன், எதற்காக என்ற கேள்விகளை மனுவில் எழுதினால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். ‘மோட்டார் ஏன் பழுதானது?’ என்று கேட்பதைவிட, ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பம்ப் இயக்கப் பதிவேட்டின் நகல், பழுதுபார்ப்புச் செலவுச் சீட்டுகளின் நகல்’ என்று கேட்டால் காரணம் தானே வெளியே வரும். ஓர் அலுவலகம் நான் கேட்ட பதிவேடு தங்களிடம் பராமரிக்கப்படுவதில்லை என்று ஒரு வரியில் பதில் அனுப்பியது. மேல்முறையீட்டுக்குப் பின் அதே பதிவேட்டின் நகல் வந்தது. ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், இடைவெளி இல்லாமல், பல வாரத்துப் பதிவுகளை ஒரே அமர்வில் எழுதியது போன்ற தோற்றத்துடன் இருந்தது. தோற்றத்தை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. அதே வாரங்களுக்கான மின்கட்டண விவரத்தைக் கேட்டு வாங்கி, மோட்டார் ஓடியதாக எழுதப்பட்ட நேரத்தையும் செலவான யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, விளக்கத்தை அலுவலகத்திடமே கேட்டு, அவர்கள் சொன்னதையும் சேர்த்து வெளியிட்டேன். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரங்களை மறுப்பதற்கான விலக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் விரிவாக்கிவிட்டது. பயனாளிகளின் பெயர்களைக் கேட்டுப் பெறுவது இனிக் கடினம். கிராம சபையில் பட்டியலை உரக்க வாசிக்கும்போது நாம் நேரில் இருந்து குறித்துக்கொள்வது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

எங்கள் தாலுகாவின் மிகப் பெரிய செய்தியும் இப்படிக் கிணற்றடியில் தொடங்கியதுதான். பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் கோககோலா ஆலை 2000-இல் உற்பத்தியைத் தொடங்கியபின், கிணற்றுத் தண்ணீரில் சோறு சரியாக வேகவில்லை, குளித்தால் அரிக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் பக்கத்துக் குடியிருப்புகளின் பழங்குடிப் பெண்கள். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. அந்தப் பெண்களில் ஒருவரான மயிலம்மா அதன் முகமானார். 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆலைக் கழிவுச் சேற்றை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003-இல் பிபிசி வானொலி மாதிரியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்து வெளியிட்டபின்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. இந்த வரலாற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆதங்கம்தான்: அந்தப் பெண்கள் முதன்முதலில் சொன்ன நாளில், அவர்கள் பேசும் மொழியில், எந்தக் கிணறு, எந்தத் தேதி, என்ன மாற்றம் என்று பொறுமையாக எழுதி வைத்த ஓர் உள்ளூர் நிருபர் இருந்திருந்தால், அந்தக் குறிப்பேடு இன்றைக்கு இழப்பீட்டுக்கான சான்றாகி இருக்கும். ஆகையால் தண்ணீரின் நிறமோ வாசனையோ மாறியதாக யார் சொன்னாலும், அது அன்றைக்குச் செய்தியாகாவிட்டாலும், நாளும் இடமும் போட்டு எழுதி வைக்கிறேன்.

எல்லையில் எழுதுபவருக்கு மற்ற ஊர் நிருபர்களுக்கு இல்லாத ஒரு பொறுப்பும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு விவகாரம் முற்றியபோது குமுளி–கம்பம் சாலையில் போக்குவரத்து நின்று, இரு பக்கத்திலும் பிழைக்கப் போனவர்கள் அடிபட்டதை இந்த எல்லை மக்கள் மறக்கவில்லை. ஆனால் கைபேசியில் வரும் காணொளிகள் அதை மறந்துவிட்டுத்தான் வருகின்றன. குப்பை லாரி விவகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டபின் கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அதை அள்ளிச் சென்றதும் நடந்த உண்மை. அந்த வழக்கில் கைதானவர்களில் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை. முதல் பாதியை மட்டும் பரப்புபவர்கள்தான் அதிகம். கோபாலபுரம் சாலையிலோ வேலந்தாவளத்திலோ தார்ப்பாய் போட்ட லாரி நிற்கும் படம் எனக்கு வந்தால், யார் ஏற்றியது, எந்த நிறுவனத்துச் சரக்குச் சீட்டு, கொட்டிய நிலம் யாருடையது, நிலத்தைக் கொடுத்தவருக்கு எவ்வளவு பணம், சோதனைச்சாவடியைத் தாண்டியது எப்படி என்ற ஐந்துக்கும் விடை தேடும் வரை அதை வெளியிடுவதில்லை. ஒரு மாநிலத்து மக்கள் மொத்தத்தையும் குற்றவாளியாக்கும் தலைப்பை எவ்வளவு பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்தும் தவிர்க்க வேண்டும்; இங்கே காலையில் எல்லை கடந்து வேலைக்குப் போய் மாலையில் திரும்புபவர்கள் நம் வாசகர்களே.

சட்டத்தில் சில இடங்களைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. அச்சில் இதழ் நடத்தினால் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் செய்தி வெளியிடுவோருக்கு 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் இருக்கின்றன. அவற்றில் சில பகுதிகளுக்கு நீதிமன்றத் தடை இருந்தாலும், புகார் அனுப்ப ஒரு முகவரியை வெளிப்படையாக வைத்து, வரும் புகாருக்கு 15 நாளுக்குள் பதில் எழுதும் வழக்கத்தை எந்த விதியும் கேட்காவிட்டாலும் நான் கடைப்பிடிப்பேன். அவதூறு இன்றும் குற்றவியல் வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் இருக்கிறது. காவல் நிலையச் செய்திகளுக்கு முதல் தகவல் அறிக்கையைப் படிக்காமல் எழுதாதீர்கள். விதிவிலக்கான வழக்குகள் தவிர மற்றவற்றின் முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது குற்றம்; குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் சேர்ந்து தடுக்கின்றன. நகரத்து நிருபர் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்கலாம். நம் ஊரில் ‘மாதா கோவிலுக்குப் பின்புறம் வசிக்கும் கள் இறக்கும் தொழிலாளியின் மகள்’ என்று எழுதினால், பெயர் போடாமலேயே ஊர் முழுவதும் தெரிந்துவிடும். தெரு, தொழில், பள்ளி, வகுப்பு, உறவுமுறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செய்தியில் என்ன மிஞ்சுகிறதோ, அதை மட்டும் எழுத வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் இதில் பணம் குறைவு. யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதை எட்டினாலும் நான்கைந்து ஊராட்சிக்கான தமிழ்ச் செய்தியில் குடும்பம் நடத்த முடியாது. நான் ஒரு தேங்காய் மண்டியில் அரைநாள் கணக்கு எழுதுகிறேன். மண்டிச் செய்திகளை நான் எழுதுவதில்லை என்று வாசகர்களுக்குச் சொல்லியும் வைத்திருக்கிறேன். ஜவுளிக்கடை, கால்நடைத் தீவனக் கடை விளம்பரம் வாங்கலாம். யாரைப் பற்றி எழுத வேண்டியிருக்குமோ அவர்களிடமிருந்து, குறிப்பாகத் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களிடமிருந்து வாங்கக் கூடாது. பிரஸ் மீட் முடிந்து நீட்டப்படும் கவரை முதல் தடவையே வாங்காமல் எழுந்து வந்துவிட்டால் இரண்டாம் தடவை நீட்டமாட்டார்கள். முதல் தடவை வாங்கிவிட்டால் பிறகு மறுக்க நா எழாது. செய்தியைப் போடாமல் இருப்பதற்குக் காசு கேட்பவர்களும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு இந்த எல்லையில் திரிகிறார்கள். அவர்களால் கெட்டுப்போன பெயரைச் சுமந்துகொண்டுதான் புதிதாக வருபவர் ஒவ்வொரு அலுவலக வாசலிலும் நிற்க வேண்டியிருக்கிறது. அதை மாற்ற நடத்தையைத் தவிர வேறு வழி இல்லை.

பாதுகாப்பைப் பற்றி வீட்டாரிடம் மறைக்காமல் பேசிவிட்டுத் தொடங்குங்கள். 2024 ஜனவரியில் பல்லடம் அருகே ஒரு தொலைக்காட்சி நிருபர், தன்னை ஆட்கள் பின்தொடர்வதாகக் காவல் துறைக்குத் தொலைபேசியில் சொல்லியும் வெட்டப்பட்டார். 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பீஜாப்பூரில் சாலைப் பணியின் முறைகேட்டை வெளிக்கொணர்ந்த சுதந்திரச் செய்தியாளர் முகேஷ் சந்திராகர் கொல்லப்பட்டார். பல்லடத்து நிருபரைப்போல நிறுவனத்தில் வேலை செய்பவருக்கே இந்த நிலை என்றால், நமக்காகக் கேட்க யாரும் இல்லை என்பதை மணல், கல்குவாரி, ஸ்பிரிட் கடத்தல் போன்றவற்றைத் தொடுவதற்கு முன் நினைவில் கொள்ள வேண்டும். அத்தகைய செய்திக்கு நான் தனியாகப் போவதில்லை. கிடைத்த ஆவணங்களின் நகலை எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள நண்பர் ஒருவரிடமும், பாலக்காட்டில் ஒரு வழக்கறிஞரிடமும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறேன். பெரிய செய்தியானால் இரு மாநிலத்திலும் ஒரே நாளில் வெளிவரும்படி நாளிதழ் நிருபர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். தனக்கு மட்டுமே கிடைத்த செய்தி என்ற பெருமையைவிட, பலரிடமும் இருக்கும் செய்தி நிருபருக்குப் பாதுகாப்பு.

கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை, “அண்ணா, முதல் செய்தியாக எதை எடுக்கலாம்?” என்று கேட்டிருந்தார். ஊழலைத் தேடிப் போக வேண்டாம் என்றும், தன் வார்டின் அடுத்த கிராம சபைக்கான அறிவிப்பு எந்தெந்த இடத்தில் ஒட்டப்பட்டது, எத்தனை பேர் வந்தார்கள், கோரம் இருந்ததா, போன கூட்டத்தின் முடிவுகளில் எவை நிறைவேறின என்பதை மட்டும் முந்நூறு வார்த்தையில் எழுதச் சொன்னேன். அவர் எழுதியதை வார்டு உறுப்பினரும் படித்தார், உறுப்பினரை எதிர்த்துப் போட்டியிட்டவரும் படித்தார். இருவரும் பிழை என்று எதையும் சொல்லவில்லை. இப்போது அடுத்த கூட்டத்துக்குத் தயாராகிறார்.

என் பங்குக்கு, வருகிற பருவத்திலிருந்து மணக்கடவு, மூலத்தரை அளவுகளைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரே அட்டவணையில் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடப் போகிறேன். இந்தப் பக்கத்து எண்கள் எனக்குக் கிடைத்துவிடும். ஆனைமலைப் பக்கத்தில், பொள்ளாச்சியில் உள்ள நீர்வளத் துறை அலுவலகத்துக்கு மாதம் இரண்டு முறை போய்வரக்கூடிய ஒருவர் வேண்டும். கணக்குப் போடத் தெரிந்து, ஆழியாறு பாசனத்தில் சொந்த நிலம் இல்லாதவராக இருந்தால் மிகவும் நல்லது. கோவிந்தாபுரத்திலிருந்து முதலமடை வரையுள்ள மாந்தோப்புகளில் அடிக்கப்படும் மருந்துகளைப் பற்றித் தொழிலாளர்களிடம் பேசி எழுதவும் ஓர் ஆள் தேவை. அந்தத் தோப்புகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களில் பலர் தமிழ் பேசுபவர்கள் என்பதால் அவர்களோடு இயல்பாக உட்கார்ந்து பேசக்கூடிய பெண் நிருபராக இருந்தால் வேலை நன்றாக நடக்கும். பேருந்துச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். எழுதியவர் பெயரிலேயே செய்தி வரும்.